விம்பிள்டன் வருகிறது, ஃபெடரர் இல்லை. இனி யாரைப் பிடித்துக்கொண்டு பார்ப்பது?

வெண்ணாற்றங்கரை
9 ஜூன் 2025, காலை 6.40

நேற்று நான் டென்னிஸ் பார்க்கவென்று உட்காரவில்லை. கடையை அடைத்துவிட்டு வீட்டுக்கு வரவே மணி பத்தாகிவிட்டது, குறுவைக்கு டிஏபி கேட்டு வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை என்றெல்லாம் பார்ப்பதில்லை. தட்டில் தோசை விழுந்த நேரம், பையன் போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தால் பாரீஸ் ஃபிரெஞ்சு ஓபன் ஃபைனல். நாலாவது செட், அல்காரஸ் 3-5, 0-40. சின்னருக்கு ஒரே ஒரு பாயின்ட் போதும், அதற்கு மூன்று வாய்ப்பு கையில். சரி, முடிந்தது, சாப்பிட்டுவிட்டுப் படுக்கலாம் என்று நினைத்தேன். பன்னிரண்டு தாண்டியும் கை கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன், சாம்பார் கையிலேயே காய்ந்துவிட்டது. 5 மணி 29 நிமிஷம். கடைசி செட் 6-6 ஆகி, முடிவுக்கு ஆடிய டைபிரேக்கில் 10-2 என்று அல்காரஸ் ஜெயித்துவிட்டார்.

விஷயம் அதுவல்ல. 2022 செப்டம்பரில் ஃபெடரர் லண்டனில் நடாலோடு சேர்ந்து கடைசி டபுள்ஸ் ஆடிவிட்டு, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்களே, அன்றோடு டென்னிஸை விட்டவன் நான். 2003இல் அவர் முதல் விம்பிள்டன் ஜெயித்ததிலிருந்து ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன். அவர் போன பிறகு யாரோ யாரோடோ ஆடுகிறார்கள், எனக்கென்ன என்று ஆகிவிட்டது. நேற்று மறுபடி உள்ளே ஏதோ அசைந்துவிட்டது. ஜூன் 30 விம்பிள்டன். இந்த வயதில் புதிதாக யாரைப் பிடிப்பது? அல்காரஸா, சின்னரா? இரண்டு பேரும் என் பையனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர்கள், "அடிடா அவனை" என்றுதான் வாயில் வருகிறது.

மாயவரம்_மெயில்
9 ஜூன், காலை 7.15

அல்காரஸ். இதில் யோசிக்க என்னண்ணே இருக்கிறது?

டைபிரேக் தாத்தா
9 ஜூன், காலை 9.05

தம்பி, யாரையும் பிடிக்காதீர்கள். டிராவை, அதாவது யார் யாரோடு மோதுவது என்கிற அட்டவணையைப் பிடியுங்கள்.

நான் கும்பகோணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். 1981இலிருந்து இதைச் செய்கிறேன். அந்த வருஷம் விஜய் அமிர்தராஜ் விம்பிள்டன் கால் இறுதியில் கானர்ஸை முதல் இரண்டு செட்டும் அடித்துவிட்டு, மிச்சம் மூன்றையும் விட்டார். பேப்பரில் அதைப் படித்துவிட்டு, இவர் இதுவரை யாரை யாரை அடித்து இங்கே வந்தார், கானர்ஸ் யாரை அடித்து வந்தார் என்று பழைய பேப்பர்களை எடுத்துப் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தேன். அது அப்படியே பழக்கமாகிவிட்டது. மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும், அளவும் சரியாக இருக்கும். இடது ஓரத்தில் 64 பேர், வலது ஓரத்தில் 64 பேர், நடுவில் ஒரு கட்டம். தோற்றவர் பெயர் மேல் ஒரு கோடு. ஏழு சுற்று, 127 ஆட்டம், 127 பேர் தோற்றால்தான் ஒருவர் ஜெயிப்பார். ஜெயிக்கிறவரை மட்டும் பார்ப்பது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை முகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் வருவது மாதிரி.

விம்பிள்டனுக்கு மே மாதத் தாள்தான் சரி. டிரா வரும்போது ஜூன் இன்னும் சுவரில் தொங்கிக்கொண்டிருக்கும், கிழிக்க வீட்டில் விடமாட்டார்கள்.

கடைமடைக்காரன்
9 ஜூன், மதியம் 1.30

தாத்தா மன்னிக்கணும், அது கணக்குப்பிள்ளை வேலை. ஒரு ஆள் மேல் மனசு வைக்காமல் பார்த்தால் பந்து இந்தப் பக்கம் போகும், அந்தப் பக்கம் போகும், அவ்வளவுதான். எனக்கு டிமிட்ரோவ். பத்து வருஷத்துக்கு மேலாக. ஒரு கிராண்ட்ஸ்லாம் ஃபைனல்கூட ஆடாதவர் என்று நீங்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். வெண்ணாற்றங்கரை அண்ணே, உங்களுக்கு ஃபெடரர் பேக்ஹேண்ட் பார்த்துப் பழகிய கண் என்றால், ஒற்றைக் கையால் அப்படி அடிக்கிற ஆட்கள் மிச்சம் இருப்பது சிலர்தான், அதில் இவரையே பிடியுங்கள்.

2008 ஜனவரியில் நடால் சென்னை ஓபனுக்கு வந்தார் இல்லையா. ஃபைனல் டிக்கெட்டுக்குக் காசு சேர்த்து, வேளாங்கண்ணியிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து, பண்ருட்டி வரைக்கும் நின்றுகொண்டே போய் நுங்கம்பாக்கத்தில் இறங்கினேன். 0-6, 1-6. யூஸ்னியிடம். நடால் நடந்தார், ஓடவே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்திருப்பேனா என்பதே சந்தேகம். ஆனாலும் சொல்கிறேன், அந்த இடது கையை இருபது அடி தூரத்தில் பார்த்தது போதும் எனக்கு.

டைபிரேக் தாத்தா
9 ஜூன், மாலை 5.50

இதற்குத்தான் சொல்கிறேன். முந்தின நாள் அரை இறுதியில் நடாலும் மோயாவும் நாலு மணி நேரம் ஆடினார்கள், மூன்று செட்டும் டைபிரேக், நடால் மேட்ச் பாயின்ட்களைக் காப்பாற்றித்தான் ஜெயித்தார். அதனால்தான் மறுநாள் கால் வரவில்லை. ஒரு நாள் முன்னால் போயிருந்தால் பஸ்ஸில் நின்ற வலிக்கு அர்த்தம் இருந்திருக்கும்.

கடைமடைக்காரன்
9 ஜூன், மாலை 6.02

பதினேழு வருஷம் கழித்து வயிற்றெரிச்சலைக் கிளப்பியதற்கு நன்றி.

மாயவரம்_மெயில்
10 ஜூன், காலை 8.20

ஒன்று புரிகிறது, நேற்று முன்தினம் ஆட்டம் களிமண் தரை என்பதால்தான் அவ்வளவு நீண்டது. புல்லில் சின்னர் மூன்று செட்டில் முடித்திருப்பார். களிமண்ணில் பந்து மெதுவாக எழும்பும், அல்காரஸ் ஓடி எடுத்துவிடுவார்.

குடமுருட்டி
10 ஜூன், காலை 11.45

ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது. அதைக் களிமண் என்று எழுதுகிற பத்திரிகைக்காரர் யாரும் நம்ம ஊர் வயலில் இறங்கியதே இல்லை. எங்கள் களிமண்ணில் மே மாதம் டென்னிஸ் ஆடினால் பந்து வெடிப்புக்குள் போய்விடும், ஜூலையில் ஆடினால் ஆடுகிறவன் முழங்கால் வரைக்கும் போய்விடுவான்.

பாரீஸில் மேலே தெரிகிற சிவப்பு, பொடித்த செங்கல். அதுவும் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், நாம் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவே. அதற்குக் கீழே ஆறேழு சென்டிமீட்டர் வெள்ளைச் சுண்ணாம்புக்கல் பொடி, அதற்குக் கீழே நிலக்கரிச் சாம்பல் கட்டி, அப்புறம் ஜல்லி. வேலை செய்வது அந்தச் சுண்ணாம்புக்கல் அடுக்குதான், தண்ணீரைப் பிடித்து வைப்பதும் அதுதான், செங்கல் பொடி வழுக்குவதற்கும் பந்தின் தடம் பதிவதற்கும். காய்ந்தால் காற்றில் பறந்துவிடும் என்று இடையில் இடையில் குழாய் பிடித்து நனைக்கிறார்கள், பார்த்திருப்பீர்கள். நான் கட்டட வேலை பார்க்கிறவன், எங்கள் தாத்தா காலத்தில் இதே செங்கல் பொடியைச் சுர்க்கி என்று சொல்லிச் சுண்ணாம்போடு சேர்த்து அரைத்துத்தான் வீடு கட்டினார்கள். பழைய அக்கிரகாரத்து வீட்டை இடிக்கும்போது கடப்பாறை எகிறும். அதனால் இனிமேல் "சுர்க்கித் தரை" என்று எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாயவரம்_மெயில்
10 ஜூன், பகல் 12.10

சுர்க்கித் தரையில் அல்காரஸ்தான் ராஜா. சரியா?

நாச்சியார்கோயில் விளக்கு
10 ஜூன், இரவு 9.30

இழை முழுக்க ஆண்கள் ஆட்டம் மட்டும்தானா? சனிக்கிழமை காஃப், சபலென்காவை அடித்துப் பாரீஸில் கோப்பை வாங்கினாரே, ஒருவர்கூடப் பார்க்கவில்லையா?

நான் பள்ளியில் பூப்பந்து ஆடியவள், மஞ்சள் கம்பளிப் பந்து, மண் தரை, ஐந்து பேர் அணி. தஞ்சாவூர் அரண்மனைக்காரர்கள் ஆடித்தான் அது பரவியது என்று எங்கள் பி.டி. டீச்சர் சொல்வார். அந்தக் கம்பளிப் பந்து மாலைக்குள் பனியில் ஊறிக் கனத்துவிடும், கடைசி ஆட்டத்தில் அடித்தால் மணிக்கட்டு விண்ணென்று வலிக்கும். அதனால் விம்பிள்டனில் புதுப் பந்து கேட்டு வாங்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். முதல் ஏழு கேமுக்கு ஒரு தடவை, அப்புறம் ஒன்பது கேமுக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறார்கள்.

நான் தாத்தா கட்சி. ஆனால் இரண்டு தாள் வேண்டும், ஒன்று பெண்களுக்கு.

வெண்ணாற்றங்கரை
12 ஜூன், இரவு 10.15

மேட்டூர் திறந்துவிட்டார்கள், கடையில் மூச்சுவிட நேரமில்லை. யோசித்துப் பார்த்தேன். தாத்தா சார் சொல்கிறபடி இந்த ஒரு தடவை செய்து பார்க்கிறேன். மே மாதத் தாள் எங்கள் வீட்டில் பரணில் சுருட்டிக் கிடந்தது, துணிக்கடைக் காலண்டர், முன்பக்கம் லட்சுமி. பின்பக்கம் எழுதினால் பாவம் ஒன்றுமில்லையே?

டைபிரேக் தாத்தா
13 ஜூன், காலை 6.00

லட்சுமிக்கும் டென்னிஸ் பிடிக்கும். எழுதுங்கள்.

வெண்ணாற்றங்கரை
28 ஜூன், இரவு 11.40

டிரா நேற்றே வந்துவிட்டது, இன்றுதான் உட்கார முடிந்தது. 128 பெயரும் எழுத இரண்டரை மணி நேரம். பாதிப் பெயருக்கு உச்சரிப்பே தெரியவில்லை, பையனைக் கேட்டால் அவனும் விழிக்கிறான். 40ஆவது பெயர் எழுதும்போது ஒன்று கவனித்தேன். எனக்கு ஃபெடரரைத் தெரியும், அவர் எதிரே நின்ற பத்துப் பேரைத் தெரியும். மிச்சப் பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

சிங்கிள்ஸில் நம்மவர் ஒருவரும் இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

டைபிரேக் தாத்தா
29 ஜூன், காலை 6.20

என் அப்பா 1960, 61 இரண்டு வருஷமும் ராமநாதன் கிருஷ்ணன் அரை இறுதி வரை போனதை ரேடியோவில் கேட்டவர். முதல் வருஷம் நீல் ஃபிரேசரிடம் தோற்றார், அடுத்த வருஷம் ராட் லேவரிடம். அந்தந்த வருஷம் கோப்பை வாங்கியதும் அவர்களேதான். 1961 கால் இறுதியில் ராய் எமர்சனை அடித்தது நம் ஆள் என்பதை அப்பா சாகும்வரை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார், மளிகைக்கடைக்காரர் உட்பட. பிறகு மகன் ரமேஷ் 1986இல் கால் இறுதி. அதற்கப்புறம் சிங்கிள்ஸில் நம் பெயரை அந்த உயரத்தில் எழுதும் வாய்ப்பு என் பென்சிலுக்குக் கிடைக்கவில்லை.

டபுள்ஸில் பாருங்கள், கோயம்புத்தூர் ஸ்ரீராம் பாலாஜி ஆடுகிறார். அதற்கு ஏப்ரல் தாள்.

வெண்ணாற்றங்கரை
1 ஜூலை, காலை 6.50

முதல் நாளே சென்டர் கோர்ட்டில் அல்காரஸ், ஃபோக்னினி. ஃபோக்னினிக்கு 38 வயது. நான் ஃபெடரர் காலத்தில் அந்த ஆளைக் கண்டாலே எரிச்சல்படுவேன், நடுவரோடு சண்டை, மட்டையை உடைப்பது. நேற்று அஞ்சு செட் ஆடினார். 7-5, 6-7, 7-5, 2-6, 6-1, அல்காரஸ் ஜெயித்தார், அது தெரிந்ததுதான். நாலாவது செட்டை அந்த மனுஷன் 6-2 என்று எடுத்தபோது நான் கடையிலிருந்தே கத்திவிட்டேன், யூரியா மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பையன் மூட்டையைக் கீழே போட்டுவிட்டான். தோற்ற பிறகு சிரித்துக்கொண்டே போனார். அவர் பெயர் மேல் கோடு போட எனக்கு மனசு வரவில்லை, லேசாகப் பென்சிலால் தொட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

நாச்சியார்கோயில் விளக்கு
2 ஜூலை, காலை 7.10

என் தாளில் கோடு போட்டுக் கை வலிக்கிறது. பெகுலா போச்சு, ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை. காஃப் போச்சு, மூன்று வாரம் முன்னால் கோப்பை வாங்கிய கை. யாஸ்ட்ரெம்ஸ்கா அடித்த அடியில் இரண்டாவது செட் 6-1. சுர்க்கியிலிருந்து புல்லுக்கு வருவதற்குள் உடம்பு பழகவில்லை போலிருக்கிறது.

மாயவரம்_மெயில்
2 ஜூலை, காலை 7.30

ஆண்களில் மெத்வதேவ், ஸ்வெரேவ், ரூனே, முசெட்டி எல்லாரும் முதல் சுற்றிலேயே காலி. சீட் போட்டவர்களில், அதாவது தரவரிசையில் முன்னால் இருக்கிறவர்களில், 13 பேர் முதல் சுற்றில் வெளியே! ஃபைனல் மட்டும் பார்க்கிற என் மாமாவுக்கு இது எதுவும் தெரியாது, "இந்த வருஷம் யாருமே இல்லையே" என்பார்.

குடமுருட்டி
4 ஜூலை, மாலை 4.00

புல்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 2001இலிருந்து முழுக்க ரை புல் ஒரே வகைதான், அதற்கு முன்னால் இன்னொரு வகையும் கலந்திருந்தார்கள். ஆட்டத்துக்கு 8 மில்லிமீட்டர் உயரம், தினமும் வெட்டு. மண் இறுகிப் பந்து நன்றாக எழும்ப ஆரம்பித்ததும் சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடுகிறவர்கள் கதை முடிந்தது. இரண்டாவது வாரம் பாருங்கள், பேஸ்லைன் என்கிற பின்கோட்டுப் பக்கம் புல்லே இருக்காது, போரடித்து முடித்த களத்துமேடு மாதிரி பழுப்பாக இருக்கும். வலைப்பக்கம் மட்டும் பச்சை. யார் எங்கே நின்று ஆடினார்கள் என்பதைத் தரையே சொல்லும்.

கடைமடைக்காரன்
5 ஜூலை, இரவு 11.15

ஒரு சின்ன வேண்டுகோள். எங்கள் ஊருக்குத் தண்ணீரும் கடைசியில்தான், நெட்டும் கடைசியில்தான். விளக்கு அக்கா இங்கே "ஐயோ" என்று போட்டால், என்ன ஐயோ என்று எனக்கு முக்கால் நிமிஷம் கழித்துத்தான் தெரிகிறது. அதுவரை நெஞ்சு கிடந்து அடித்துக்கொள்கிறது. டிமிட்ரோவ் ஆடும்போது மட்டுமாவது தயவுசெய்து வாயை மூடிக்கொண்டிருக்கவும்.

நாச்சியார்கோயில் விளக்கு
7 ஜூலை, காலை 8.00

நேற்று நடந்ததைப் பார்த்தீர்களா? இந்த வருஷம்தான் கோட்டோரம் நின்று "அவுட்" சொல்கிற ஆட்களை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் எந்திரத்திடம் கொடுத்தார்கள், 147 வருஷப் பழக்கம் அது. பாவ்லியுசென்கோவா, கார்ட்டல் ஆட்டத்தில் 4-4இல் பந்து கோட்டைத் தாண்டி விழுகிறது, வீட்டில் உட்கார்ந்திருக்கிற என் மாமியாருக்கே தெரிகிறது, எந்திரம் வாயே திறக்கவில்லை. யாரோ தவறுதலாக ஒரு பக்கத்தை அணைத்து வைத்துவிட்டார்களாம். பாவ்லியுசென்கோவா எடுத்திருக்க வேண்டிய பாயின்ட், மறுபடி ஆடச் சொல்லி, அந்த கேமையே இழந்தார். அப்படியும் 7-6, 6-4 என்று ஜெயித்துக் காட்டினார், கோபம் நல்லதுதான்.

பாரீஸில் இன்னும் ஆட்களைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் நடுவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து தடத்தைக் குனிந்து பார்க்கிறார். குடமுருட்டி அண்ணன் சொன்ன அந்தச் செங்கல் பொடி கரண்ட் போனாலும் சாட்சி சொல்லும்.

கடைமடைக்காரன்
8 ஜூலை, அதிகாலை 2.50

யாரும் எதுவும் எழுதாமல் இருந்ததிலேயே தெரிந்துவிட்டது எனக்கு.

6-3, 7-5, டிமிட்ரோவ் முன்னால். சின்னர், உலகின் முதல் இடம், முழங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அடுத்த செட் 2-2. டிமிட்ரோவ் சர்வ் போட்டார், பந்து எதிரே போய் விழுந்தது, இவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார். மார்புத் தசை. அவ்வளவுதான். இரண்டு செட் முன்னால் இருக்கிற ஆள் வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் கை கொடுத்துவிட்டுப் போகிறார். அவருடைய பையைச் சின்னர் தூக்கிக்கொண்டு போனார். தொடர்ந்து ஐந்தாவது கிராண்ட்ஸ்லாம், ஐந்திலும் பாதியிலேயே விலகல்.

இதற்குத்தான் ஆளைப் பிடிக்காதே என்றீர்களா தாத்தா?

டைபிரேக் தாத்தா
8 ஜூலை, அதிகாலை 3.05

தூங்கவில்லை தம்பி. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயர் மேல் நான் கோடு போடவில்லை. காயத்தால் போகிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி மட்டும்தான் வைப்பேன், 1981இலிருந்து அப்படித்தான். தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள்.

வெண்ணாற்றங்கரை
8 ஜூலை, காலை 7.20

தம்பி, என் கதை ஒன்று சொல்கிறேன். 2008 ஜூலை 6, விம்பிள்டன் ஃபைனல், ஃபெடரர், நடால். அப்போது கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. நாலாவது செட் டைபிரேக் நெருங்கும்போது போய்விட்டது, பன்னிரண்டு மணி வாக்கில். டிவிஎஸ் 50ஐ எடுத்துக்கொண்டு ஊருக்குள் ஜெனரேட்டர் சத்தம் எங்கே கேட்கிறது என்று தேடிப் போனேன். ஒரு கல்யாண மண்டபம், மறுநாள் முகூர்த்தம். மேனேஜர் ரூமில் ஒரு குட்டி டிவி. நான் யார் என்றே கேட்கவில்லை, உள்ளே விட்டுவிட்டார். மேட்ச் பாயின்டில் ஃபெடரர் கோட்டோரம் அடித்த அந்த பேக்ஹேண்டை, சமையல்காரர்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருக்க நான் அங்கே நின்று பார்த்தேன். அப்புறம் மழை, மறுபடி ஆட்டம், அங்கே இருட்டிக்கொண்டு வருகிறது, இங்கே மணி ஒன்றே முக்கால், 9-7 நடால். தலைமைச் சமையல்காரர் வெளியே வந்து, "தோத்துட்டாரா உங்க ஆளு? இந்தாங்க" என்று அப்போதுதான் இறக்கிய கேசரியை வாழையிலையில் வைத்துக் கொடுத்தார். நெய் சூடு இலையைச் சுட்டுக் கையில் இறங்கியது. தின்றேன், வேறென்ன செய்வது.

2019 ஃபைனலில் 8-7, 40-15இல் இரண்டு சாம்பியன்ஷிப் பாயின்டை விட்டாரே, அன்று கேசரிகூட இல்லை.

கடைமடைக்காரன்
8 ஜூலை, காலை 9.00

கேசரி இருக்கிறதா இல்லையா என்பதுதான் முக்கியம் என்று புரிகிறது. சரி அண்ணே. கொஞ்சம் பரவாயில்லை.

மாயவரம்_மெயில்
10 ஜூலை, காலை 7.45

ஃபோக்னினி ஓய்வு அறிவித்துவிட்டார். அண்ணே, உங்களுடைய அந்தப் பென்சில் தொடல்தான் அவருடைய கடைசி ஆட்டம்.

வெண்ணாற்றங்கரை
10 ஜூலை, காலை 8.30

பார்த்தேன். இருபது வருஷம் பிடிக்காத ஆளுக்காக இப்போது வருத்தப்படுகிறேன், இது என்ன கொடுமை.

நாச்சியார்கோயில் விளக்கு
12 ஜூலை, இரவு 10.30

6-0, 6-0. 57 நிமிஷம். விம்பிள்டன் பெண்கள் ஃபைனலில் 1911க்கு அப்புறம் இப்போதுதான் இப்படி. ஸ்வியாடெக்குக்குப் புல்லில் ஆட வராது என்று சொன்னவர்கள் எல்லாரும் வரிசையில் வரவும்.

ஆனால் நான் அனிசிமோவாவைப் பற்றித்தான் எழுத வந்தேன். போன வருஷம் இதே விம்பிள்டனில் தகுதிச் சுற்றைக்கூடத் தாண்ட முடியாமல் போனவர். அதற்கு முந்தின வருஷம் மனசு தாங்கவில்லை என்று சில மாதம் மட்டையையே தொடவில்லை. இந்தத் தடவை அரை இறுதியில் சபலென்காவை மூன்று செட்டில் சாய்த்துவிட்டு வந்தார். என் தாளில் அவர் பெயருக்கு எதிரே ஆறு வெற்றிக் கோடு இருக்கிறது, ஃபைனல் மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரியாது, ஒரு கேம்கூட எடுக்காத பெண் என்றுதான் சொல்வார்கள். கோப்பை கொடுக்கும் நேரத்தில் அன்று காலையில்தான் விமானத்தில் வந்து இறங்கிய அம்மாவைப் பார்த்துப் பேசி அழுதார். என் மாமியாருக்கு இங்கிலீஷ் தெரியாது, டென்னிஸும் தெரியாது, "வெள்ளைச் சட்டைப் பொண்ணு அழுவுது, டிவியை அணை" என்றார். இரண்டு பேரும்தான் வெள்ளைச் சட்டை என்றேன். "அழுவுற பொண்ணைத்தான் சொல்றேன்" என்றார்.

மாயவரம்_மெயில்
13 ஜூலை, மாலை 6.10

இன்று இரவு எட்டரைக்கு ஃபைனல். லார்ட்ஸ் டெஸ்ட் பத்தரை வரைக்கும் போகும். எங்கள் வீட்டில் டிவி லார்ட்ஸுக்கு, போன் விம்பிள்டனுக்கு என்று பஞ்சாயத்து முடிந்துவிட்டது.

மாயவரம்_மெயில்
13 ஜூலை, இரவு 10.45

இந்தியா 58க்கு 4. இலக்கு 193. இந்தப் பக்கம் அல்காரஸ் முதல் செட்டை எடுத்துவிட்டு அப்புறம் விட்டுக்கொண்டே வருகிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் இடி.

டைபிரேக் தாத்தா
13 ஜூலை, இரவு 11.50

சின்னர். 4-6, 6-4, 6-4, 6-4. சிவப்புத் தரையில் அந்த மூன்று பாயின்டை விட்டு ஐந்து வாரம்தான் ஆகிறது. நடுவில் டிமிட்ரோவ் ஆட்டத்தில் இரண்டு செட் பின்தங்கிக் கிடந்தவர். கட்டத்தில் பெயர் எழுதிவிட்டேன். நாலாவது சுற்றில் அந்தப் புள்ளி அப்படியே இருக்கிறது, கடைமடைத் தம்பி.

கடைமடைக்காரன்
14 ஜூலை, காலை 6.15

படம் எடுத்து அனுப்புங்கள் தாத்தா. புள்ளி தெரிகிற மாதிரி.

வெண்ணாற்றங்கரை
14 ஜூலை, காலை 7.00

127 பேரையும் அடித்தாயிற்று, ஃபோக்னினி மட்டும் இன்னும் பாதி அழியாமல் தெரிகிறார். அமெரிக்க ஓபனுக்கு ஜூன் தாளை எடுத்து வைக்கலாம் என்று போனால், அதைக் கிழித்துப் பையன் ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டான். இனி ஜூலைத் தாள்தான். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி காலையில் நானே எழுந்து கிழிப்பதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நியூயார்க் ராத்திரி ஆட்டம் நமக்கு விடியற்காலை நாலரைக்கு ஆரம்பிக்குமாமே, யார் யார் எழுந்திருப்பீர்கள்?

டைபிரேக் தாத்தா
14 ஜூலை, காலை 7.04

நான் எப்படியும் நாலுக்கு எழுந்துவிடுவேன். பால்காரர் வர அஞ்சாகும், முதல் செட் காப்பி இல்லாமல்தான்.